பஸ் வாசலை மறித்து நின்ற அண்ணைக்கு

மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்டில் அந்த உள்ளரங்க மைதானத்தின் கதவைத் திறந்ததும் தசைவலிக்குத் தேய்க்கும் நோ எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது, அண்ணை. வாங்குப் பலகையில் இருந்த இளைஞர்கள் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகளைக் கூட்டிப்போக வந்திருந்தேன். பங்குனியில் நீங்கள் நெஞ்சு வலியில் செத்துப்போன பிறகு சனிக்கிழமைகளில் இது என் வேலை. அந்த மணம் பட்டதும் என் தாடை வலித்தது.

அதை உடைத்தவர் நீங்கள்தானே. மன்னாரில் ஒரு கிண்ணத்துக்கான உதைபந்தாட்டம். நீங்கள் மன்னார் அணி, நான் யாழ்ப்பாணத்து அணியின் கோல் காக்கும் கோலி. மூலை உதைக்குப் பாய்ந்தேன். உங்கள் முழங்கை என் முகத்தில் இறங்கியது. வாய் நிறைய இரத்தமும் பல்லும் மண்ணும். இரண்டு பக்கத்துச் சனமும் கதிரைகளைத் தூக்கி அடிபட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று பார்த்தேன்.

"நல்லாத்தான் பாஞ்சனீ. ஏன் கண்ணை மூடினனீ?" என்றீர்கள்.

சமாதான காலத்தில் கொழும்புக் கழகமொன்று நம் இருவரையும் சம்பளத்துக்கு எடுத்தது. இரண்டு போர்களுக்கு நடுவே கிடைத்த அந்தக் கொஞ்சக் காலம்தான் உங்கள் ஆட்ட வாழ்க்கை முழுவதும். பின்களத்தில் நீங்கள் நின்றால் எனக்கு வேலை குறைவு. ஒருமுறை எதிரணிக்காரன் ஒருவன் வேண்டுமென்றே என் விரல்களைப் பூட்ஸால் மிதித்தான். அடுத்த பந்துக்கு அவன் வந்தபோது அவனுடைய கணைக்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் சிவப்பு அட்டைக்காகச் சட்டைப்பைக்குள் கை விட முன்பே, "காட்டத் தேவையில்லை, நான் போறன்" என்று நடந்தீர்கள்.

அதே அணியோடு மறு ஆட்டத்தில் வென்றோம். வெளியே அவர்களுடைய ஆட்கள் கல்லும் இரும்புக் குழாயுமாகக் காத்திருந்தார்கள். பஸ்ஸின் கதவை முதலிலேயே உடைத்துவிட்டார்கள். நீங்கள் கடைசியாக ஏறி, படியில் நின்று, இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்து வாசலை மறித்தீர்கள். முதலில் ஏறியவனை நெஞ்சில் உதைத்தீர்கள். அடுத்தவனை முகத்தில். அவன் எழும்பவில்லை. பிறகு ஒரு குழாய் உங்கள் இடது முழங்காலில் விழுந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுந்தது. "பஸ்ஸை எடு!" என்று கத்தினீர்களே தவிர, கம்பிகளை விடவில்லை. பஸ் தெருவுக்கு ஏறிய பிறகுதான் என் மேல் சாய்ந்தீர்கள். முழங்கால் சிரட்டை நொறுங்கியிருந்தது. கட்டு அவிழ்க்க முன்னமே ஊரில் மறுபடி ஷெல் விழத் தொடங்கியது.

பிறகு கனடாவுக்கு வந்து மொன்றியலில் துறைமுகக் களஞ்சியத்தில் இருவரும் பெட்டி தூக்கினோம். நீங்கள் பந்தைத் தொடவேயில்லை. மகள் விளையாடத் தொடங்கிய பிறகுதான் நொண்டியபடி கோட்டோரம் வந்து நின்றீர்கள்.

பார்க் எக்ஸ்டென்ஷன் மைதானத்தில் ஒருநாள் அவள் மறித்ததில் ஒரு பெண்பிள்ளை விழுந்து கால் சுளுக்கியது. அந்தப் பிள்ளையின் தகப்பன் பிரெஞ்சில் திட்டிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்து, உங்கள் கொலரைப் பிடித்து மூக்கில் குத்தினான். நீங்கள் இரண்டு கைகளையும் ஜக்கெட் பைக்குள் வைத்தீர்கள். அவன் மறுபடியும் குத்தினான். வாயெல்லாம் இரத்தம். நான் ஓடிவந்து அவனை இழுத்தேன். மகள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அண்ணை திருப்பி அடிக்கேல்ல?" என்று கேட்டேன்.

"அடிச்சிருந்தா அவன் எழும்பியிருக்க மாட்டான். அதைப் பிள்ளை பாக்கக் கூடாது."

இந்தச் சனிக்கிழமை காரில் அவள் திடீரென்று கேட்டாள்: "மாமா, அந்த ஆள் அடிக்கேக்க அப்பா பயந்து போனாரா?"

பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். தாடை, கணைக்கால், பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை இறுகப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது அப்பாவா?"

"ஓம்."

"எனக்கு வெக்கமா இருந்தது, மாமா. அதுக்குப் பிறகு ஆட்டத்துக்கு வர வேண்டாம் எண்டு அவருக்குச் சொன்னனான்." பெல்ட்டிலிருந்து கையை எடுத்து, "நான் அவரைப் பற்றி என்ன நினைச்சனான் எண்டு அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

நான் காரை எடுத்தேன்.

உங்களுக்குத் தெரியும். களஞ்சியத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரம் என்னிடம் சொன்னீர்கள்: "அவள் என்னைக் கோழை எண்டு நினைக்கிறாள். நினைக்கட்டும். என்னைப் பாத்துப் பயப்பிடேல்லத்தானே." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டீர்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அண்ணை. அந்தச் சொல்லை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.