கல்லில் தாத்தா பெயர்

மல்லசமுத்திரம்

அன்புத் தங்கைக்கு,

மலேயாவுக்குப் பிழைக்கப் போய், சண்டைக் காலத்தில் சயாம் ரயில்பாதையில் ஜப்பான்காரர்களிடம் அடிமையாக உழைத்து மாண்டவர்களுக்கு நேற்று இங்கே நினைவுத்தூண் திறந்தார்கள். அதில் நம் தாத்தா பெயரும் இருக்கிறது.

ஓடிப்போனவன் மகள் என்றே எண்பது வருடமாகப் பேச்சு வாங்கிய அம்மா அந்த எழுத்தைத் தடவித் தடவி அழுதாள். "எங்கய்யன் எங்கள உட்டுப்போட்டு ஓடலீங்க. செத்துத்தான் வராம இருந்திருக்காரு" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

அவர் உயிர் தப்பி மலேயாவிலேயே, ஈப்போவில், உன் பாட்டியோடு குடும்பம் நடத்தியதை நீ போனில் சொன்னாய். இனி அதை நான் யாரிடம் சொல்வது? மேடையில் பேசச் சொன்னார்கள். மைக்கைத் திருப்பி நீட்டினேன். துக்கம் என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, வராதே அம்மா. போட்டோவில் உன் முகம் அப்படியே என் அம்மா முகம். வாசலில் வந்து நின்றால் உன்னை யாரென்று சொல்வேன்?

உன் அண்ணன்