முடிவைச் சொல்லாதே

2 மார்ச்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது. சளியா என்று கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய். காய்ச்சலில் கிடந்தாலும் உனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும். அதனால்தான் இந்தக் காலத்திலும் வெளிநாட்டுத் தபாலுக்குக் காசு கொடுத்து நான் பேனாவும் தாளுமாக உட்காருகிறேன். காகிதத்தில் உனக்குப் பொய் வராது. எழுத்து கோணிக்கொள்ளும்.

மாடி வீட்டு டீச்சரோடு ஒரு த்ரில்லர் பார்த்தேன். மழைக்கோட்டு போட்ட ஒருவன் வரிசையாகக் கொலை செய்கிறான். முதல் பாதி, சும்மா சொல்லக்கூடாது, நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தேன். இரண்டாம் பாதியில் சொதப்பிவிட்டார்கள். பணக்கார வீட்டு டிரைவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. போலீசுக்குப் போன் பண்ணுகிறான். பண்ணினவன் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? "போன்ல வேண்டாம் சார், நேர்ல வந்து சொல்றேன்" என்கிறான். அடுத்த காட்சியில் மழைக்கோட்டு வந்து நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் "சொல்லித் தொலையேன்டா" என்று கத்திவிட்டேன். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. டீச்சர் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

இடைவேளையிலேயே நான் ஆளைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் ஊரார் முகத்துக்கெல்லாம் பிரேம் மாட்டிப் பார்க்கிறேன், ஒரு முகம் தெரியாதா எனக்கு? யாரென்று சொல்ல மாட்டேன், நீ பார்க்கும்போது கெட்டுப்போகும். ஒரு துப்பு மட்டும் தருகிறேன். வலிய வந்து நல்லது செய்கிறவனைக் கவனி.

திரும்பி வரும்போது டீச்சர் வேறொரு படத்தின் முடிவைச் சொல்ல வாயெடுத்தார். நடுரோட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். முடிவைச் சொன்னதற்காக உன் சித்தியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


11 மார்ச்

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்துச் சிரித்தேன். நேற்று அறையில் எல்லோருமாக மழைக்கோட்டுப் படத்தை லேப்டாப்பில் பார்த்தோம். உன் துப்பு கையில் இருந்தும் கடைசிவரை எனக்கு ஆள் பிடிபடவில்லை. நான் உனக்குப் பிறந்தவன்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் அந்த லிப்ட் காட்சியை எடுத்தவனை, லிப்ட் பழுதுபார்க்கிற எங்களோடு ஒரு நாள் வேலைக்கு அனுப்ப வேண்டும். கதாநாயகன் உள்ளேயிருந்து மேல்கூரையைத் தலையால் முட்டித் திறக்கிறான். அது உள்ளேயிருந்து திறக்காது. பிறகு லிப்டின் இரும்புக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறுகிறான். தினமும் அந்தக் கயிற்றைத் தொடுகிறவன் நான். முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. ஏறுவதைவிடச் சறுக்குவதுதான் அதிகமாக இருக்கும். மேலே போய் நிற்கிறான், சட்டை வெள்ளையாகவே இருக்கிறது!

இதற்கெல்லாம் என்னைவிட அதிகமாகத் திட்டுகிறவன் என் கூட்டாளி ஒல்லி. அவன் இல்லாமல் பார்த்தோம். போன வாரம் ஒரு ஓட்டல் லிப்டில் அவனும் நானும் வேலை செய்துகொண்டிருந்தபோது அவன் காலில் பலமாக அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மேனேஜர் எங்கள் அறைக்கே வந்திருந்தார். ஒரு பை நிறையப் பழம். என் கட்டிலில் உட்கார்ந்து உன் உடம்பைப் பற்றியெல்லாம் விசாரித்தார்.

மற்றதை நேரில் வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மகன்


18 மார்ச்

டேய்,

நேரில் வந்து சொல்கிறாயா? டிரைவரைப் பற்றி நான் அவ்வளவு நீளமாக எழுதியதைப் படித்துவிட்டுத்தானே இந்த வரியை எழுதினாய்?

கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணினேன். "நல்லா இருக்கேன்மா" என்றாய். பின்னால் ஒரு ஆள் இருமினான். நீ உடனே "வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாய். யார் அவன்? உங்கள் கம்பெனியில் எத்தனையோ பேருக்கு அடிபட்டிருக்கிறது, என்றைக்காவது மேனேஜர் பழப்பையோடு வந்திருக்கிறாரா? என் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை?

இன்று கடையில் ஒரு பெரியவருக்குப் பெண்கள் பிரேமை மாட்டிவிட்டேன். அவரும் நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போய்விட்டார். என் மனசு எங்கே இருக்கிறதென்று புரிந்துகொள். ஒன்று விடாமல் எழுது.

அம்மா


25 மார்ச்

அன்புள்ள அம்மா,

சரி, எழுதுகிறேன். டீச்சரிடம்கூடக் காட்டாதே. போனில் எதுவும் கேட்காதே. அன்று இருமியவர் சூப்பர்வைசர். இப்போதெல்லாம் நான் போனை எடுத்தால் யாராவது பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

லிப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கதவு முழுசாக மூடினால்தான் லிப்ட் நகர வேண்டும், அதற்காக. அந்த ஓட்டலில் ஒரு கதவின் சுவிட்ச் செத்துப்போயிருந்தது. புதுசு வரும்வரை லிப்டை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்ல ஒல்லி மேனேஜருக்குப் போன் பண்ணினான். கையெல்லாம் எண்ணெய் என்பதால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அவர் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "ஓட்டல்காரன் என் உயிரை வாங்குறான். ஒரு ஒயரைப் போட்டு ஜாயின்ட் பண்ணி ஓட விடு. ஒரு வாரம்தானே, ஒண்ணும் ஆகாது."

அப்படி ஒயர் போட்டுவிட்டால் கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓடும். ஒல்லி முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டான். மறுநாள் அந்த ஒயரைச் சரிபார்க்க அதே கதவடியில் ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்திருந்தான். கீழே யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். நான் கத்தினேன். அவன் நிமிர்வதற்குள் லிப்ட் நகர்ந்துவிட்டது.

இப்போது மேனேஜர், ஒல்லி தானாகவே ஒயரைப் போட்டுவிட்டான் என்கிறார். அப்படி முடிவானால் அவனுக்கு வைத்தியச் செலவுகூடக் கிடைக்காது, அவன் மேலேயே கேஸும் வரும். போனில் பேசியதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒல்லி சொன்னால் தப்பிப்பதற்காகச் சொல்கிறான் என்பார்கள். மிச்சம் இருப்பது நான்.

ஏப்ரல் பதினாறாம் தேதி அரசாங்க அதிகாரி முன்னால் விசாரணை. "நான் அப்போது கீழே இருந்தேன், எதுவும் கேட்கவில்லை" என்று சொன்னால் போதுமாம். எனக்கு சூப்பர்வைசர் வேலையும் தனி அறையும் தருவாராம். சொல்லாவிட்டால் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "உன் பாஸ்போர்ட் என் அலமாரியிலதான் பத்திரமா இருக்கு தம்பி" என்றார்.

இடைவேளை வந்துவிட்டது அம்மா. ஆளைப் பிடித்துவிட்டாயா?

உன் மகன்


1 ஏப்ரல்

என் கண்ணுக்கு,

கடையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். கையிலிருந்த லென்ஸ் விழுந்து உடைந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடைந்ததைத் தானே பெருக்கி அள்ளினார்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சொல்லாதே. கீழே இருந்தேன் என்று சொல்லிவிடு. அவர்கள் தருகிற வேலையும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர். ஒல்லி பாவம்தான். போன வருஷம் உனக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய ஈரத்துணி போட்டவன் அவன் என்று நான் மறக்கவில்லை. அவனுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நான் பெற்றது அவனை இல்லை, உன்னை. அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்.

தியேட்டரில் அப்படிக் கத்தினாயே என்று கேட்பாய். அது படம்டா. அந்த டிரைவர் செத்தால் அடுத்த படத்தில் மீசையை மாற்றிக்கொண்டு வருவான். நீ வருவாயா?

படித்ததும் கிழித்துப் போடு.

அம்மா


10 ஏப்ரல்

அம்மா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபமாக இருந்தது. உன்மேல்தான்.

சின்ன வயதில் என்னை எல்லாக் கொலைப் படத்துக்கும் கூட்டிக்கொண்டு போவாய். கொலை வரும்போது மட்டும் என் கண்ணைப் பொத்துவாய். நான் விரலிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதும் அதையே செய்கிறாய். நான் இந்தத் தடவையும் பார்த்துவிட்டேன் அம்மா. ஒல்லியின் கால் மாட்டிய இடத்துக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாட்சி சொல்வாயா என்று அவன் கேட்பான் என்று நினைத்தேன். மழைக்கோட்டுப் படத்தைப் பற்றிக் கேட்டான். வெள்ளைச் சட்டை கதையைச் சொன்னதும் சிரித்தான், சிரித்தால் வலி எடுக்கிறது. நான் கிளம்பும்போது, "உனக்கு எது நல்லதோ அதைச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. லிப்ட் குழிக்குள் இறங்குமுன் மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குகிறேன். திங்கட்கிழமை நான் உள்ளே இருக்கும்போதே யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்றார்கள். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி, ஜாக்கிரதையாக இரு என்றார்.

இது உன் கைக்குக் கிடைக்கும்போது விசாரணை முடிந்திருக்கும். என்ன சொல்லப்போகிறேன் என்று எழுத மாட்டேன். முடிவை முன்கூட்டியே சொன்னால்தான் உனக்குப் பிடிக்காதே.

மகன்


20 ஏப்ரல்

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். அணைத்து வைத்திருக்கிறது. கம்பெனிக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்து, "அப்படி ஒருத்தர் இப்ப இங்க இல்லைங்க" என்றாள். இப்ப இல்லை என்றால் என்னடா அர்த்தம்? கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நேற்று ஏதோ தெரியாத நம்பரிலிருந்து விடாமல் மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து, அந்தப் பக்கம் யாராவது எதையாவது சொல்லிவிட்டால்? போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனசு மாறும் என்று டீச்சர் என்னைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். போயும் போயும் அதுவும் த்ரில்லர். தபால் கொடுக்கிற பெண் ஒருத்தி ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். சாட்சி சொல்லக் கோர்ட் படிக்கட்டில் ஏறுகிறாள். எதிரே நிற்கிற காரின் கண்ணாடி மெதுவாக இறங்குகிறது. தியேட்டரே அவள் உள்ளே போய்ச் சேர வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் "ஏறாதேடி, திரும்பிப் போடி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் படத்திலும் சாட்சி சொல்கிறவர்களுக்கு அம்மா இருப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? எழுந்து வெளியே வந்துவிட்டேன். பாதிப் படத்தில் எழுந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

உன் கண்ணைப் பொத்தினேன், உண்மைதான். நீ பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். உன் இமை என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

நீ சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் இல்லை, பெருமையாகக்கூட இருக்கிறது. ஆனால் பயம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் சித்தியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் கேட்கிறேன். பதில் எழுதும்போது அன்புள்ள அம்மா என்றுகூட ஆரம்பிக்காதே. முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடு.

அம்மா


29 ஏப்ரல்

முழுசாக இருக்கிறேன். சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன்.

இப்போது மூச்சு விட்டுக்கொள்.

அன்புள்ள அம்மா,

அந்தத் தெரியாத நம்பர் நான்தான். விசாரணை முடிந்த அன்றே கம்பெனி போனையும் அறைச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் ஒல்லியின் கட்டிலடியில்தான் படுக்கிறேன். அவனுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கி அடித்து அடித்துப் பார்த்தேன். தெரியாத நம்பரை எடுக்கக் கூடாதென்று எந்தப் படம் உனக்குச் சொல்லிக் கொடுத்ததோ, அதை எடுத்தவன் நாசமாய்ப் போக. உன் கடிதத்தை எங்கள் விடுதிச் சமையல்காரர்தான் எடுத்துவைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார்.

விசாரணையில் மேனேஜர் தன் கையாலேயே எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். நான் குடிக்கவில்லை. அவர் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். படமாக இருந்தால் அந்த இடத்தில் மேளம் கொட்டியிருப்பார்கள். அங்கே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அதிகாரி எழுதிக்கொண்டார். என் பாஸ்போர்ட் எங்கே என்று அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை என்ன செய்வார்களோ தெரியாது. ஒல்லிமேல் கேஸ் இல்லை, வைத்தியச் செலவு கம்பெனியுடையது. கால் இருக்கிறது, பழையபடி நடக்க மாட்டான். நான் சாட்சி சொன்னதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நேற்று நீ பாதியில் எழுந்து வந்த அந்தத் தபால்காரப் பெண் படத்தை அவன் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தோம். படிக்கட்டுக்கு மேலே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். வந்ததும் சேர்ந்து பார்க்கலாம். பயமாக இருந்தால் சொல், உன் கண்ணை நான் பொத்துகிறேன்.

உன் மகன்