ஒரு கட்டை மேலே

மார்ச் 4
மூன்றாவது ஊர், ஓட்டல் அறை

அன்புள்ள மேனேஜர் சாருக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். மேடையைத் தவிர வேறெங்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஓட்டல் தாளில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்குக் கடிதம் எழுதியதோடு சரி. கையெழுத்து கோணல்மாணலாக வருகிறது, சமாளித்துப் படித்துவிடுங்கள்.

உலகம் முழுக்கப் பாடப் போகிறாள் என்று எல்லாரும் மாலை போடாத குறையாக அனுப்பி வைத்தீர்கள். இதுவரை நான் பார்த்த உலகம், விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டையும் மேடைக்குப் பின்னால் ஓடும் ஒயர்களும்தான். காலையில் எழுந்தால் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை. நேற்று அலமாரியைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன். பதினோரு ஊரில் மூன்றுதான் முடிந்திருக்கிறது, அதற்குள் எலும்பெல்லாம் கழன்ற மாதிரி இருக்கிறது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. என் ஆலாபனையோடு மேல்நாட்டு வாத்தியக் குழுவின் முப்பத்தெட்டு வாத்தியங்களும் சேர்ந்து எழும்போது அரங்கமே கப்சிப் என்று ஆகிவிடுகிறது. அந்தக் குழுவை நடத்துகிற அம்மாவுக்குக் குச்சியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். கையில் எப்போதும் ஒரு மெல்லிய குச்சி. அதிகம் பேச மாட்டார், நல்ல மனுஷி.

ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கச்சேரிப் பயணத்தை நடத்துகிற கம்பெனிக்கு நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தில் என் சுருதி எத்தனை கட்டை என்று எழுதினீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

குட்டிக்கு முத்தம். நகம் வெட்டிவிடுங்கள்.

உங்கள் பாட்டுக்காரி

*

மார்ச் 6
வீடு

என் அருமைப் பாட்டுக்காரிக்கு,

உன் கோழிக்கிறுக்கலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து முடித்தேன். நான் டைப் அடித்தே அனுப்புகிறேன், பிழைத்துப் போ.

இங்கே எல்லாரும் சௌக்கியம். வாஷிங் மெஷின் மட்டும் படுத்துவிட்டது. குட்டிக்கு ஒரு பல் ஆடுகிறது, அதை ஆட்டிக் காட்டாமல் தெருவில் ஒருத்தரையும் அவள் விடுவதில்லை. உன்னைப் பற்றிப் பேப்பரில் வந்த நாலு துண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். இந்த நாளுக்காகப் பத்து வருஷம் எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பேன்! இப்போது அவர்கள் எனக்கு போன் போடுகிறார்கள். நாம் ஜெயித்துவிட்டோம்.

உன் கேள்வியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு கட்டைதான், வேறென்ன எழுதுவேன்? உன்னை முதல் முதலில் மேடையில் கேட்ட நாளிலிருந்து உன் சுருதி ஆறுதானே! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதில் இன்னொரு கூத்து. சாயங்காலம் உன் சுருதிப் பெட்டியைப் போட்டால் குட்டி அடங்கி உட்காருகிறாள். நேற்றுப் பார்த்தால் முள் ஐந்தில் நிற்கிறது. இவள்தான் திருகியிருப்பாள் என்று ஆறுக்கு மாற்றினேன். "அது அம்மா இல்ல! அம்மா அஞ்சுதான்!" என்று தரையில் புரண்டு அழுகை. அஞ்சு வயசுக்கு இத்தனை வாய்! யாரைக் கொண்டிருக்கிறாளோ.

வெந்நீர் குடி. நன்றாகத் தூங்கு.

உன் மேனேஜர்

*

மார்ச் 8
ஐந்தாவது ஊர், காலை

அன்புள்ள உங்களுக்கு,

குட்டி சொன்னதுதான் சரி. என் சுருதி ஐந்து.

அவள் பிறந்த பிறகு குரல் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை. ஒரு வருஷம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஐந்துக்கு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பாட்டில் எனக்கே ஒரு நிம்மதி வந்தது. நாலு வருஷமாக வீட்டில் ஐந்து, கச்சேரியில் ஐந்து. நீங்கள் அரங்கத்து வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் போன். இது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்து அறையில்தானே தினமும் பாடுகிறேன்?

முதல் ஒத்திகையில் முப்பத்தெட்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் முன்னால் இருந்த இசைக்குறிப்புத் தாளெல்லாம் ஆறு கட்டைக்கு எழுதியது. எனக்கு ஒத்துவராது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நீங்கள் ஏதோ யோசித்துத்தான் எழுதியிருப்பீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு கட்டை உங்களுக்கு ஒரு எண். எனக்கோ மேலே போகிற ஒவ்வொரு இடமும் சுவரில் தொண்டையைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. வீக்கம் இருக்கிறது, இப்படியே போனால் குரல் திரும்பாது என்கிறார் டாக்டர்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். குச்சியம்மாவுக்கு நீங்கள் எழுதுங்கள். நான் சொன்னால் பாடகிக்கு எட்டவில்லை என்று ஆகிவிடும். நீங்கள் சொன்னால் அது படிவத்தில் நேர்ந்த தவறு. "நான் தப்பாக எழுதிவிட்டேன்" என்று ஒரு வரி போதும். தாள்களை மாற்றி எழுத மூன்று நாள் ஆகுமாம், விசாரித்துவிட்டேன்.

கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. எழுதிவிடுங்கள்.

உங்கள் பாட்டுக்காரி

*

மார்ச் 10
வீடு

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமா! என்னிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன ஜோசியக்காரனா?

சரி, போனது போகட்டும். கொஞ்சம் நிதானமாகக் கேள். கடைசி ஊர்க் கச்சேரிக்கு அடுத்த வருஷப் பயணத்தை முடிவு செய்கிறவர்கள் வருகிறார்கள். இந்த நேரத்தில் மேனேஜருக்குத் தன் பாடகியின் சுருதியே தெரியவில்லை என்று எழுதினால் என்னை யார் மதிப்பார்கள்? கை கொட்டிச் சிரிப்பார்கள். உன் பெயரும்தான் அடிபடும். இன்னும் ஆறு ஊர்தானே? உச்சத்துக்குப் போகிற இடங்களைக் கொஞ்சம் ஒப்பேற்றிக்கொள், உனக்கா தெரியாது? முடிந்ததும் ஆறு மாதம் வாயையே திறக்க வேண்டாம், சமையல்கூட நானே பார்த்துக்கொள்கிறேன்.

குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் மேனேஜர்

*

மார்ச் 13
ஏழாவது ஊர்

நேற்று மேடையில் குரல் உடைந்துவிட்டது. உச்சத்தில் காற்றுதான் வந்தது. வயலின்காரர்கள் எனக்காக அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். குச்சியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜனங்கள் பாவம், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த கச்சேரிக்கு ஐந்து நாள் இருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இன்றைக்கே எழுதுங்கள். இனி நான் கேட்க மாட்டேன்.

*

மார்ச் 14
வீடு

கண்ணம்மா,

எழுதிவிட்டேன். அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி அனுப்பிவிட்டேன். நீ இனி ஒன்றும் கவலைப்படாதே. உனக்காக நான் செய்யாதது உண்டா? தாளை மாற்றிக் கொடுப்பார்கள், ஜம்மென்று பாடு. குட்டி உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்கிறாள்.

உன் மேனேஜர்

*

மார்ச் 19
எட்டாவது ஊர்

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குச்சியம்மா என் அறைக்கே எடுத்து வந்து காட்டினார். "பயணக் களைப்பினால் பாடகியின் குரல் அண்மையில் ஒரு கட்டை இறங்கிவிட்டது. பெரிய மனது பண்ணி ஒத்துழைக்க வேண்டும்." அவ்வளவுதான். படிவம் என்ற வார்த்தையே அதில் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

இது நிஜமா என்று கேட்டார். பத்து வருஷமாக உங்கள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிய பழக்கம், அன்றைக்கும் ஆட்டியிருப்பேன். ஆனால் உங்களுக்காகப் பொய் சொல்லக்கூடத் தெம்பு மிச்சமில்லை. நோட்டை எடுத்து நடந்ததையெல்லாம் எழுதிக் காட்டினேன். நாலு பக்கம் வந்தது. அவர் பொறுமையாகப் படித்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் கட்டை எது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அறிமுகமாகி ஒரு மாதம்கூட ஆகாதவர். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் நமக்குள் ஒன்றுமே நடந்திருக்காது.

அவர்கள் ஆளுக்கொரு தாளாக உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். நேற்று ஐந்தில் பாடினேன். பிரமாதம் என்று சொல்ல முடியாது, தொண்டை இன்னும் புண்தான். டாக்டர் சொன்னதால் பாட்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். குரல் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். எப்படியானாலும் நேற்று நான் பயப்படாமல் பாடினேன்.

ஆறு என்று எழுதியது உங்கள் கவனக்குறைவு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனக்குறைவை மன்னித்துவிடலாம். என் தொண்டை போனாலும் பரவாயில்லை, உங்கள் பெயர் கெடக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை என்ன செய்வது?

இன்னும் மூன்று ஊர். முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன். தேதியைக் குட்டியிடம் சொல்லி, நாள்காட்டியில் அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். இனி என் படிவங்களை நானே நிரப்பிக்கொள்வேன். மேனேஜர் வேலை இன்றோடு முடிந்தது. கம்பெனிக்கும் எழுதிவிட்டேன், தப்பெல்லாம் உங்கள் மேல் என்று எழுதவில்லை, பயப்படாதீர்கள்.

கணவர் வேலையாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்கே தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து யோசிக்க வேண்டும். எத்தனை நாள் தூங்க வேண்டியிருக்குமோ.

குட்டியின் அம்மா