பிரேக் அப் என்று சொல்லிவிட்டு வந்தேன்

விஜயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

என் தங்கம் நந்திதாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் அண்ணன் முரளியும் சௌக்கியம், டப்ளின் குளிரில் நீ சௌக்கியமாக இருக்க ஏழுமலையான் துணை. முரளியின் கல்யாணப் பத்திரிகையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். ஊர் வாய்க்குப் பயந்து கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று போனில் அழுதாயே, அதற்குப் பதில் இது, முழுசாகப் படி.

உனக்கு நிச்சயம் செய்திருந்த சுனிலும் நீயும் பிரேக் அப் செய்துகொண்டதாக நீ சொன்னபோது எனக்கு விளங்கவில்லை, அவன் உன்னைத் தள்ளிவிட்டான் என்றே நினைத்தேன், ஊரும் அப்படித்தான் பேசியது. எதிர்வீட்டு ஹரிப்ரியாதான், காலேஜில் படிக்கிறவள், "யாரும் யாரையும் தள்ளல அத்த, ஒத்துவராதுன்னு ரெண்டு பேரும் பேசிப் பிரிஞ்சிக்கினாங்க" என்று விளக்கினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிச்சயம் முறிந்தால் மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரத்தையும் புடவையையும் தரகர் கையில் சத்தமில்லாமல் கொடுத்தனுப்புவதுதானே நம் பக்கத்து வழக்கம், நைனாவும் அதையே சொன்னார், நான் ஒப்பவில்லை. அவற்றை வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, நைனாவின் வண்டியில் ஏறிப் பட்டப்பகலில் வடமாலபேட்டைக்குப் போய் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். சுனிலின் அம்மா ஸ்வர்ணலதாவின் முகம் சுண்டிப்போனது, கூடத்தில் சொந்தக்காரர்கள் வேறு. "பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு" என்று ஒரு பெரியவர் கேட்டார். "தே ப்ரோக் அப். உங்க பையனும் தப்பு பண்ணல, எங்க பொண்ணும் பண்ணல, பேசிப் பிரிஞ்சிக்கினாங்க" என்று நின்றபடியே சொன்னேன். என் இங்கிலீஷைக் கேட்டு நைனா வாயைப் பிளந்துவிட்டார் போ! அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெண்ணை ஏமாற்றியவன் என்று அவர்கள் தெருவில் சுனிலுக்கும் பேச்சாம், "நீங்களே வந்து சொல்லிட்டீங்க, இனிமே எவன் பேசுவான்" என்றார். நாம் போட்ட மோதிரத்தை அதே தட்டில் வைத்துத் தந்தார், சாப்பிடாமல் விடவில்லை.

இப்போது நகரி பஸ்ஸில் யாராவது உன்னைப் பற்றிப் பேச்சை இழுத்தால் நானே முந்திக்கொண்டு பிரேக் அப் என்கிறேன், அடுத்த கேள்வியே வருவதில்லை. என் பெண்ணைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறதே என்று எனக்கே பெருமையாக இருக்கிறது. நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை. டிக்கெட் போட்டதும் சொல், நைனா சென்னைக்கு வந்து கூட்டி வருவார்.

நாத்தனார் முடிச்சு போட வேறு பெண்ணை நிறுத்தலாமா என்று உன் பெரியத்தை கேட்டாள். என் மகள் இருக்கும்போது வேறு யார் என்று கேட்டுவிட்டேன். மகராசியாக இரு. மேடையில் நிமிர்ந்து நின்று, மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போடு. ஸ்வர்ணலதாவையும் அழைத்திருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உன் அம்மா,
யசோதா நாராயணசாமி