நட்டுவின் கண்களுக்காக நாங்கள் எடுத்த முடிவு

என் உயிரான அக்கா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதத் துணியாதவன் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் நட்டு. அவனுக்குப் பார்வை போய்விட்டது.

கம்பெனி பஸ்ஸுக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "கழண்டு விழுந்த நட்டு மாதிரி கெடந்துச்சுடா" என்று சொல்லி அதையே பேராக வைத்தாய். உன்னிடம் தமிழ், மாமாவிடம் தெலுங்கு, எதிர்வீட்டு அம்மாவிடம் கன்னடம். எதில் கூப்பிட்டாலும் ஓடி வருவான். குளிக்கக் கூப்பிட்டால் மட்டும் ஒரு பாஷையும் புரியாது.

கண் மங்கியதை நாங்கள் கவனிக்கவே இல்லை. வீட்டை அவ்வளவு சாமர்த்தியமாகப் பழகி வைத்திருந்தான். கேஸ் சிலிண்டரை வழியில் இறக்கி வைத்த அன்று நேராகப் போய் முட்டிக்கொண்டான். பிடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

பெங்களூருவில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். "கண்புரை சார். ஆபரேஷன் பண்ணா பார்வை வரலாம். ஆனா வயசாச்சு, ஹார்ட்டும் வீக். மயக்க மருந்துல இருந்து எழுந்திரிக்காமலே போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

திரும்பும் வழியில் அத்திப்பள்ளி தாண்டினோம். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "வேணாம்ப்பா. உங்கக்காவும் நடந்துதான் உள்ள போனா."

உன் இதய ஆபரேஷனுக்கு அலைந்து திரிந்து நாள் குறித்து வந்தவன் நான்தானே. நீ திரும்பி வராத அன்றிலிருந்து உன் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா?

ஆனாலும் ஆபரேஷன் பண்ணியே தீர வேண்டும் என்று நின்றேன். நட்டு உலகத்தைப் பார்க்க வேண்டும் என்றா, இந்த முறையாவது ஒரு உயிரை நல்லபடியாக வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்றா?

"வீட்டுக்குள்ள சமாளிக்கிறான் மாமா. புது எடத்துல திண்டாடுவான், பாருங்க" என்று ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலத்தில் மாமாவின் தம்பி தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன்.

இறக்கிவிட்டதும் நட்டு அசையவில்லை. கால்கள் நடுங்கின. மாமா தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். பாவி என்று நீ திட்டியிருப்பாய்.

பிறகு மூக்கைத் தூக்கினான். ஒரு சின்ன வட்டம் நடந்தான். அடுத்தது கொஞ்சம் பெரிய வட்டம். தக்காளிக் குச்சியில் இடித்தான், விலகினான், அந்த இடத்தை மோந்து வைத்துக்கொண்டான். மூன்றாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்துக் குடித்தான். வெயில் சாய்வதற்குள் தக்காளி வரிசைகளுக்கு நடுவே ஓட்டமே ஓடினான் அக்கா! ஆட்டுக்குட்டிகளை அதட்டிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு. அவன் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்ல? மாமா சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்டேன்.

வரப்பில் உட்கார்ந்ததும் அவராகவே பேசினார்.

"அவளுக்கு மூச்சு முட்டுச்சு. பண்ணுங்கன்னு அவளே கேட்டா. நீ கூட்டிட்டுப் போன. அதுல உன் தப்பு எதுவும் இல்ல செல்வம். இவன் எதையும் கேக்கலையே."

நான் அழுதேன். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தக் கத்த, பிசிறுள்ள பீஸ் வெளியே போகக் கூடாது என்று மெஷின் லைனையே நிறுத்தியவள் நீ. "மாடி ஏற முடியல டாக்டர், இப்படியே உக்காந்திருக்க என்னால ஆகாது" என்று சொல்லி நீயே கையெழுத்துப் போட்டாய். உனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தை என் குற்றமாக்கி இத்தனை நாள் சுமந்திருக்கிறேனே!

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டோம். "வலி இல்லாத வரைக்கும் சரிதான் சார்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவன் மறுபடி நம் முகங்களைப் பார்க்கப் போவதில்லை என்பது நெஞ்சில் குத்தத்தான் செய்கிறது. நீ இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பாயா?

ஒன்று சத்தியம் அக்கா. அவன் கண்ணில் வலி என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் நிற்பேன். என் பயத்துக்காக அவனைத் துன்பப்பட விடமாட்டேன். அதுவரை ஞாயிறுதோறும் ஒரு புது இடம். இந்த வாரம் சூளகிரி ஏரிக்கரை. மாமாவும் வருகிறார்.

உன் கூடப்பிறந்த,
உன்னால் இன்னும் வளர்கிற தம்பி,
செல்வம்