நாலாயிரம் டன் ஈயம்

மார்ச் 4

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த நாட்டுக்குள் எத்தனை டன் மணல், இரும்பு, ஈயம் வந்தது, எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு குப்பையானது என்று அரசுப் புள்ளிவிவரத் துறையில் இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். பிரிவுத் தலைவர் நாற்காலி மட்டும் நான் தொழில் கற்றுக்கொடுத்தவளுக்குப் போனது. பதவி நிரந்தரமாவதற்கு அவளுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 11

அவளே என் மேசைக்கு வந்தாள். “சார், ஈயத்துல நாலாயிரம் டன் இடிக்குது. ஒரு தடவை நீங்களும் பாருங்க.”

பார்த்தேன். பழைய பேட்டரிகளாக உள்ளே வந்த ஈயம் பதினோராயிரம் டன். உருக்காலைகள் காட்டிய உற்பத்தி, கழிவு, கையிருப்பு எல்லாம் சேர்த்தாலும் ஏழாயிரத்தைத் தாண்டவில்லை. அவள் கண்டுபிடித்தது சரிதான். எரிச்சலாக இருந்தது.

மார்ச் 12

கூட்டம். அவள் எழுந்து சொன்னாள். இயக்குநர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஈயம் கால் முளைச்சு நடந்தா போயிருக்கும்? கையிருப்புல சேத்துட்டு உக்காரும்மா.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13

மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. “அந்தப் பொண்ணு தனியா நின்னப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்கிறாள். என்ன பண்ணியிருக்கணும்? எனக்காக எவன் எழுந்து நின்றான்?

மார்ச் 20

விடுப்பு போட்டுவிட்டு நெடுஞ்சாலை எடைமேடைக்குப் போனேன். உருக்காலைக்கு என்று சீட்டு வாங்கிய லாரிகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இடது கைப்பக்கம், தகரக் கொட்டகைகள் இருக்கும் சந்துக்குள் நுழைந்தன. வீடுகளுக்குப் பின்னாலேயே அடுப்பு. பேட்டரியைக் கோடாரியால் பிளந்து உருக்குகிறார்கள். அமிலம் சாக்கடையில் ஓடுகிறது. கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் நிறம்.

எடைபோடுகிறவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் வீடும் அந்தச் சந்தில்தான்.

“எம் பொண்ணுக்கு அஞ்சு வயசு, சார். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேச வரல. எங்கம்மா, அவங்கப்பனும் சின்ன வயசுல ஊமையாத்தான் இருந்தான், சரியாயிடும்ங்கறாங்க.”

நான் லாரி எண்களைக் குறித்துக்கொண்டேன். ஈயம் குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்று படித்தவன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் எங்கே குடிபோவான்?

மார்ச் 21

தூக்கம் இல்லை.

ஏப்ரல் 2

துறையின் அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. நாலாயிரம் டன்னும் கையிருப்பில் இருக்கிறதாம். எந்தக் கிடங்கில்? அந்தப் பெண்குழந்தையின் எலும்பிலா?

ஏப்ரல் 9

பத்திரிகைக்கு எழுதி முடித்தேன். நான்கு பக்கம், கையிருப்பில் சேர்ப்பதற்கு முந்தைய அசல் அட்டவணையின் நகல், லாரி எண்கள், சந்தின் வரைபடம். இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் இதுதான் உண்மையான அறிக்கை. இயக்குநர் தொலைந்தான். அடுப்புகளையும் இடிப்பார்கள்.

ஏப்ரல் 10

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டவணை எங்கள் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. கூட்டத்தில் வாய் திறந்தவள் ஒருத்திதான். பெயரில்லாமல் போனால் யார் வேலை என்று அலுவலகத்தில் ஒருவனும் என்னைக் கேட்கமாட்டான். பதவி நிரந்தரமாவதற்கு அவளுக்கு இன்னும் ஏழு வாரம்.

தெரியாமல் செய்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தின் அடியைக் கத்தரித்துவிட்டேன். உறையை ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலை அலுவலகம் போகிற வழியில் தபாலில் போடுகிறேன்.