கோபமே வராதவர்கள்

காஜா பெராங், மலாக்கா
12.3.1958

அன்புள்ள சிவகாமிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தணிந்ததா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருப்புக்கொள்ளாமல் இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருக்கிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. புது டாக்டர் ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்திருக்கிறார். கோபம், சந்தேகம், யாரோடும் ஒத்துப்போகாமை எல்லாவற்றையும் பற்றி அவரவரே பதில் சொல்ல வேண்டும். 'ஆம்' கூடக் கூட, குணக்கோளாறு முற்றியிருக்கிறது என்று அர்த்தம். தமிழில் கேட்டு எழுதுவது, ஆஸ்பத்திரிக் கணக்கெழுதும் கிராணியான என் வேலை.

வார்டில் இருக்கும் நம் ஆட்களோ நலம் விசாரித்ததாக நினைத்து, எதற்கும் "ஒரு குறையும் இல்லீங்க" என்கிறார்கள். காலையில் பக்கத்துக் கட்டில்காரர் மேல் தட்டை வீசிய பொன்னையா சொன்னார்: "எனக்குக் கோவமே வராதுங்க கிராணி. அவன்தான் வர வைக்கிறான்!"

டாக்டர் சிரித்துவிட்டு, என்னையும் எழுதச் சொன்னார். நானும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே எழுதினேன். மனம்விட்டுப் பேச ஆள் உண்டா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்டு என்றேன்.

"யார்?"

"மனைவி. நாகப்பட்டினத்தில் இருக்கிறாள்."

"கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

மணி அடித்தது, வார்டுக்குப் போய்விட்டேன்.

கப்பலேறும் யாரிடமாவது கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்பு. பிள்ளைகளின் பழைய சட்டை ஆளுக்கு ஒன்றும் வை, அளவு பார்த்துப் புதிது வாங்க. தபாலுக்கு நேரமாகிறது.

எனக்குக் கோபம் வருமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். திட்டுவதானாலும் நீட்டி எழுது.

உன்
தனபாலன்